காற்றில்லாமல் ஒரு மணி நேரம்

சென்ற ஆண்டு ஒரு நாள், அழுத்தம் பற்றிய பாடத்தை முடித்துவிட்டுக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாண்டு மாணவி ஒருத்தி மேசையருகே வந்து நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம். பாடத்திலே இல்லே, எங்க வீட்டிலே" என்றாள்.

அவளுடைய தந்தை திருச்சியில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். பழைய காரை விற்றுவிட்டு, வெளிநாட்டு வகைக் கார் ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருந்தார். திருமணங்களுக்கும், சென்னை விமான நிலையத்துக்கும் அந்தக் காரைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். காரின் நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டன. அவை 'ரன்-ஃப்ளாட்' என்னும் வகையைச் சேர்ந்தவை. அதாவது, காற்று முழுவதும் இறங்கிய பிறகும் சிறிது தொலைவு ஓடக்கூடியவை. அதே வகையைத் திரும்ப வாங்கினால் சாதாரண டயரைப்போல் ஒன்றரை மடங்கு விலை ஆகும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

"சாதாரண டயரே போதும்னு அம்மா சொல்றாங்க. அப்பா கேட்கமாட்டேங்கிறார். பழைய கார்லே ஒரு தடவை ராத்திரி உளுந்தூர்ப்பேட்டை கிட்டே வலது பக்கம் பஞ்சர். கீழே உட்கார்ந்து டயர் மாத்திக்கிட்டிருந்தப்போ ஒரு லாரி முதுகை உரசுற மாதிரி போயிருக்கு. அதிலேருந்து அப்பாவுக்குப் பயம். யார் சொல்றது சரி சார்?"

பதிலை உடனே சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. டயர் எப்படிச் சுமை தாங்குகிறது, காற்று போனால் அதற்கு என்ன நேர்கிறது, அதைத் தடுக்க நாம் எதை விலையாகத் தருகிறோம் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் விடை தானே வந்துவிடும். உங்கள் பள்ளிப் பாடத்திலுள்ள பௌதிகமே இதற்குப் போதும்.

காரைத் தாங்குவது எது?

ஆட்களுடன் சேர்த்து ஒரு காரின் நிறை 1,600 கிலோகிராம் என்று கொள்வோம். அதன் எடை 1,600 × 9.8 = 15,680 நியூட்டன். நான்கு சக்கரங்களும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 3,920 நியூட்டன் வரும்.

பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு என்ற அளவில் வைக்கிறார்கள். இது ஏறத்தாழ 2,28,000 பாஸ்கல். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அழுத்தமானி காட்டுவது, வெளியிலுள்ள வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட உபரி அழுத்தத்தை மட்டுமே. ஆகவே, மானி பூச்சியம் காட்டும் டயரின் உள்ளே காற்றே இல்லை என்று பொருளல்ல. உள்ளும் புறமும் அழுத்தம் சமம் என்றே பொருள்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் டயர் தரையைத் தொடும் பரப்பு = 3,920 ÷ 2,28,000 = 0.0172 சதுர மீட்டர். அதாவது 172 சதுர செ.மீ. அஞ்சலட்டை ஒன்றின் நீளம் 14 செ.மீ., அகலம் 9 செ.மீ.; அதன் பரப்பு 126 சதுர செ.மீ. எனவே ஒரு சக்கரம் சாலையைப் பற்றியிருக்கும் இடம் ஒன்றரை அஞ்சலட்டைக்கும் குறைவானது. அவ்வளவு பெரிய கார் திரும்புவதும் நிற்பதும் இந்த நான்கு சிறு பரப்புகளை நம்பித்தான்! (டயர் ரப்பரின் விறைப்பும் சுமையில் ஒரு சிறு பங்கைத் தாங்கும். நம் கணக்குக்கு அதை விட்டுவிடலாம்.)

இனி, சற்று வியப்பான ஒரு செய்தி. ரிம்மைச் சுற்றியுள்ள காற்று அதை மேலிருந்தும் கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் ஒரே அளவாகத்தானே அழுத்துகிறது? அப்படியிருக்க, அது எப்படி ரிம்மை மேல்நோக்கித் தூக்க முடியும்?

ஒரு விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் வட்டமாக நிற்கிறார்கள். நடுவில் ஓர் இரும்பு வளையம். அதில் பத்துக் கயிறுகளைக் கட்டி, ஆளுக்கொன்றாகச் சம வலிமையுடன் வெளிப்புறமாக இழுக்கிறார்கள். வளையம் அசையாமல் நடுவில் நிற்கும். இப்போது ஒருவர் மட்டும் பிடியைச் சற்றே தளர்த்தினால் என்ன ஆகும்? வளையம் அவருக்கு எதிர்ப்பக்கமாக நகரும்.

டயரின் பக்கச் சுவருக்குள் உள்ள நார்களே இந்தக் கயிறுகள். உள்ளேயுள்ள காற்று அவற்றை விறைப்பாக இழுத்து வைத்திருக்கிறது. ஆகவே நார்கள் ரிம்மை எல்லாத் திசைகளிலும் வெளிப்புறமாக இழுக்கின்றன. தரையைத் தொடும் இடத்தில் மட்டும் டயர் நசுங்கிப் பக்கச் சுவர் புடைக்கிறது. அங்கே நார்கள் சாய்ந்துவிடுவதால் ரிம்மைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை குறைகிறது. அந்தக் குறைவே மேல்நோக்கிய விசையாக அமைந்து காரைத் தாங்குகிறது. கார், காற்று மெத்தையின்மேல் உட்கார்ந்திருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது நார்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது எனலாம். சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பிகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். காற்று போய்விட்டால் நார்களில் விறைப்பு இல்லை. விறைப்பு இல்லையேல் தாங்குவார் இல்லை.

மடிப்பும் சூடும்

காற்றுப்போன சாதாரண டயரில் பக்கச் சுவர் துணிபோல் மடிந்து, ரிம்முக்கும் சாலைக்கும் இடையே சிக்கிக்கொள்கிறது. அந்த நிலையில் காரை ஓட்டினால் சில நிமிடங்களில் டயர் கிழிந்து நாசமாகிவிடும். ஏன் இவ்வளவு விரைவில்?

இதைக் கணக்கிட, நம் மாணவியின் காரில் உள்ள டயரையே எடுத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் 225/50 ஆர் 17 என்று எழுதியிருந்தது. இந்த எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டயரின் அகலம் 225 மி.மீ. பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 50 பங்கு; அதாவது 112.5 மி.மீ. 'ஆர்' என்பது ரேடியல் அமைப்பைக் குறிக்கும். ரிம்மின் விட்டம் 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. மேலும் கீழும் பக்கச் சுவர் இருப்பதால், சக்கரத்தின் முழு விட்டம் 431.8 + 112.5 + 112.5 = 656.8 மி.மீ. சுற்றளவு ஏறத்தாழ 2.06 மீட்டர். கணக்கு எளிதாக இருக்க 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கிலோமீட்டர் ஓட 500 சுற்றுகள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர். ஆகவே நொடிக்கு 11 சுற்றுகள். பக்கச் சுவரின் ஒவ்வொரு பகுதியும் நொடிக்கு 11 முறை மடிந்து நிமிர்கிறது.

மடிந்து நிமிர்வதால் என்ன கேடு? ஒரு ரப்பர் பந்தை 100 செ.மீ. உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விடுங்கள். அது 60 செ.மீ. எழும்பியதாகக் கொள்வோம். கொடுத்த ஆற்றலில் நூற்றுக்கு 60 பங்கு திரும்பி வந்தது. மீதி 40 பங்கு எங்கே? பெரும்பகுதி பந்துக்குள் வெப்பமாக மாறிவிட்டது. ரப்பரை நசுக்கும்போது நாம் கொடுக்கும் ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை; ஒரு பகுதியைத் தன்னிடமே வெப்பமாக வைத்துக்கொள்கிறது. இயற்பியலார் இப்பண்பைத் 'தயக்கம்' என்பர்.

நல்ல காற்றுள்ள டயரில் மடிப்பு சிறிது; வெப்பமும் சிறிது; அது காற்றில் கலந்து போய்விடும். காற்றில்லாத டயரில் மடிப்பு மிகப் பெரிது. வெப்பம் வெளியேறும் வேகத்தைவிடப் பிறக்கும் வேகம் கூடுதல். வெப்பநிலை ஏற ஏற ரப்பர் வலுவிழக்கும். ரப்பருக்கும் நாருக்கும் உள்ள ஒட்டு விடும். ஆக, காற்றுப்போன டயரைக் கொல்வது சுமையைவிட வெப்பமே என்று சொல்வது பொருந்தும்.

காற்று குறைவாக உள்ள டயருக்கும் இதே நோய் உண்டு. காற்றே இல்லாத டயரை நாம் ஓட்டமாட்டோம். ஆனால் 33 இருக்க வேண்டிய இடத்தில் 22 மட்டும் உள்ள டயரை, அது தெரியாமலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுவோம். வேனிற்கால நண்பகலில் நெடுஞ்சாலையில் டயர்கள் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஸ்டெப்னியிலிருந்து ரன்-ஃப்ளாட் வரை

காற்றடைத்த டயருக்கு முதன்முதலில் உரிமம் பெற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன், ஆண்டு 1845. அது அன்று பரவவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மீண்டும் கண்டுபிடித்தார். காற்று வந்த நாளிலேயே பஞ்சரும் வந்துவிட்டது.

தொடக்ககாலக் கார்களில் மாற்றுச் சக்கரம் இல்லை. 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் ஒரு மாற்றுச் சக்கரத்தைச் செய்து விற்றார்கள். அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அந்தத் தெருவின் பெயரைத்தான் நம் ஊர் மெக்கானிக்குகள் இன்றும் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

மாற்றுச் சக்கரமே வேண்டாம் என்ற எண்ணமும் புதிதன்று. 1970களில் டன்லப் நிறுவனம் 'டெனோவோ' என்ற டயரை வெளியிட்டது. காற்றுப்போனதும் ரிம்மில் வைத்திருந்த சிறு குப்பிகள் உடைந்து, உள்ளே ஒரு வழுவழுப்பான திரவம் பரவும். உராய்வும் வெப்பமும் குறையும். 1997இல் வெளிவந்த அமெரிக்கக் கார்வெட் கார், ரன்-ஃப்ளாட் டயர்களை நம்பி ஸ்டெப்னியைக் கைவிட்டது. 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் கார்கள் பலவற்றில் இவ்வகை டயர்களைப் பொருத்தியது.

இன்று பெரிதும் வழங்கும் வகையில் பக்கச் சுவருக்குள் வெப்பம் தாங்கும் தடித்த ரப்பர்ப் பட்டை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். காற்று இருக்கும்போது வேலை காற்றுக்கு. போனபின் வேலை இந்தப் பட்டைக்கு. அது குட்டைத் தூண்போல் நின்று ரிம்மைத் தாங்குகிறது. டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்று வராது. ஓடும்போது திடீரெனக் காற்றுப் போனாலும் ஓட்டுநர் காரைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடிகிறது. இதுவே இதன் மிகப் பெரிய நன்மை.

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தரும் எல்லை இது: மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மேற்படாமல் 80 கி.மீ. தொலைவு. அதாவது ஒரு மணி நேரம். ஏன் எல்லை? மறுபடியும் வெப்பமே. 80 கி.மீ. ஓடுவதற்குள் அந்தப் பட்டை 40,000 முறை நசுங்கி நிமிர்கிறது. காரில் சுமை கூடுதலாக இருந்தாலும், வெயில் கடுமையாக இருந்தாலும் எல்லை இன்னும் குறையும். இந்த டயருக்குச் சாகாவரம் கிடையாது. நமக்கு அது தருவது ஒரு மணி நேரம் மட்டுமே. கொடுக்கும் கூடுதல் விலை அந்த ஒரு மணி நேரத்துக்கானது.

தடிப்பின் விலை

இயற்கையில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. தடித்த பக்கச் சுவருக்கு நாம் பணம் தவிர வேறு என்ன தருகிறோம்?

ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய அஞ்சலட்டையிலிருந்து 3 செ.மீ. அகலமான நீளப் பட்டைகள் சில வெட்டிக்கொள்ளுங்கள். சம உயரமுள்ள இரண்டு புத்தகங்களை 10 செ.மீ. இடைவெளியில் வைத்து, ஒரு பட்டையைப் பாலம்போல் அவற்றின்மேல் வையுங்கள். நடுவில் சிறு நாணயங்களை ஒவ்வொன்றாக வைத்து, பட்டை அரை செ.மீ. தாழ எத்தனை நாணயம் தேவை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒட்டாமல் இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ இரு மடங்கு நாணயம் தேவைப்படும். இப்போது இரண்டு பட்டைகளையும் பசை தடவி ஒட்டி, நன்றாகக் காயவிட்டு மீண்டும் செய்யுங்கள். இரு மடங்கல்ல, எட்டு மடங்கை நெருங்கும்! வளைவதை எதிர்க்கும் விறைப்பு, தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது: 2 × 2 × 2 = 8.

இதனால்தான் சில மில்லிமீட்டர் ரப்பரைக் கூட்டியதும் பக்கச் சுவர் காரையே தாங்குமளவுக்கு விறைத்துவிடுகிறது. ஆனால் காற்று போன நேரத்தில் மட்டும் விறைப்பாக இரு, மற்ற நேரமெல்லாம் இளகி இரு என்று ரப்பருக்குக் கட்டளையிட முடியுமா? ஆயிரம் நாள் நல்ல காற்றுடன் ஓடும்போதும் அந்த விறைப்பு அங்கேயே இருக்கிறது.

சக்கரம் பள்ளத்தில் விழுந்து எதிர் விளிம்பில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிரிக்கெட் ஆட்டத்தில் பந்தைப் பிடிப்பவர் கைகளைப் பின்னிழுத்துப் பிடிப்பதை நினைவுகூருங்கள். உந்தம் மாறும் நேரம் நீடித்தால் விசை குறையும். நேரம் சுருங்கினால் விசை கூடும். இளகிய பக்கச் சுவர் பின்னிழுக்கும் கை. விறைத்த பக்கச் சுவர் நீட்டிய கை. ஆகவே ரன்-ஃப்ளாட் டயரில் பள்ளத்தின் அடி சற்றுக் கடுமையாகவே ரிம்முக்கும், அங்கிருந்து காரில் உள்ளவர்களின் முதுகுக்கும் போய்ச் சேரும். காற்று நிறைந்திருக்கும்போது சுமையின் பெரும்பகுதியைக் காற்றே தாங்குவதால் விறைப்பு எட்டு மடங்கு கூடிவிடாது. எனினும் உள்ளே இருப்பவர் உணருமளவுக்கு வேறுபாடு உண்டு. கூடுதல் ரப்பரால் எடையும் கூடும். உருளும்போது எரிபொருள் செலவும் சிறிது கூடும்.

இன்னும் இரண்டு குறைகள் உண்டு. பக்கச் சுவரே பெரிதாகக் கிழிந்துவிட்டால் ரன்-ஃப்ளாட் டயரும் பயன்படாது. தாங்கும் தூணே அதுதானே! அடுத்து, காற்றின்றி ஓடிய டயரின் உட்புறம் வெப்பத்தால் சிதைந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் அப்படி ஓடிய டயரைப் பஞ்சர் ஒட்டி மறுபடி பயன்படுத்துவதைத் தயாரிப்பாளர்கள் பலர் ஏற்பதில்லை. சாதாரண டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் பஞ்சர் கடையில் சிறு செலவில் முடிந்துவிடும் வேலை, இங்கே ஒரு புது டயராக முடியலாம்.

சொல்லும் கருவி

பக்கச் சுவர் விறைப்பாக இருப்பதால் ரன்-ஃப்ளாட் டயரில் காற்றுப்போனதை ஓட்டுநரால் எளிதில் உணர முடியாது; பார்த்தாலும் தெரியாது. பிறகு எப்போது அந்த ஒரு மணி நேரம் தொடங்கியது என்று யார் சொல்வது? எனவே இவ்வகை டயருள்ள காரில் காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி இருந்தே தீர வேண்டும்.

இது இரு வகைப்படும். முதல் வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சிறு உணர்கருவி இருந்து அழுத்தத்தை அளந்து வானொலி அலைமூலம் அறிவிக்கும். இரண்டாம் வகை சுவையானது. காற்றுக் குறைந்த சக்கரத்தின் உருளும் ஆரம் சிறிது குறையும். அதே தொலைவைக் கடக்க அது கூடுதலாகச் சுற்ற வேண்டும். நூற்றில் ஒரு பங்கு குறைந்தால், கிலோமீட்டருக்கு 500 சுற்றுக்குப் பதில் 505 சுற்று. நான்கு சக்கரங்களின் சுற்றுகளையும் எண்ணிக்கொண்டிருக்கும் கணிப்பொறி, 'ஒன்று மட்டும் முந்துகிறதே' என்று கண்டுபிடித்துவிடும்.

அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதலும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் இக்கருவி கட்டாயம். நம் நாட்டில் 2020இல் வந்த விதித் திருத்தத்தின்படி, இந்தக் கருவியும் டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள பயணிகள் கார்களில் ஸ்டெப்னி கட்டாயமில்லை.

இங்கே நாம் ஒரு முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், அநேகமாகக் காற்று உடனே போய்விடுவதில்லை. மெல்ல மெல்லக் கசியும். எச்சரிக்கைக் கருவி இருந்தால் முழுவதும் இறங்குமுன்பே தெரிந்துவிடும். பக்கத்து ஊர்வரை ஓட்டிச் செல்லலாம். ஆகவே மெல்லக் கசியும் பஞ்சரிலிருந்து காப்பாற்றுவதற்குச் சாதாரண டயரும் ஒரு கருவியும் போதும். ரன்-ஃப்ளாட் தனித்து உதவுவது, காற்று விரைவாகப் போய்விடும் நேரங்களில்தான்.

எதைத் தேர்வது?

மேலே கண்டவற்றைக் கேள்விகளாக மாற்றிக்கொண்டால் தேர்வு எளிதாகும்.

1. அந்த ஒரு மணி நேரத்தின் முடிவில் ஓர் ஊர் இருக்கிறதா? இருந்தாலும் அந்த ஊரில் அதே அளவு டயர் கிடைக்குமா? இல்லையெனில் ஸ்டெப்னியே துணை.

2. வழியில் நின்று சக்கரம் மாற்றுவது எவ்வளவு ஆபத்து? பகலில் கிராமச் சாலையில் அது பத்து நிமிட வேலை. இரவில் நெடுஞ்சாலையில் அது உயிர்ப் பிரச்சினை.

3. நாள்தோறும் ஓடும் சாலை எப்படிப்பட்டது? பள்ளங்கள் மிகுந்த சாலையில் இளகிய, உயரமான பக்கச் சுவரே நல்லது.

4. காரில் ஸ்டெப்னி வைக்க இடமும், அழுத்த எச்சரிக்கைக் கருவியும் உண்டா?

வகையை மாற்றுகிறவர்கள் சில விதிகளை மீறக்கூடாது. ஒரே அச்சில் ஒருபுறம் ரன்-ஃப்ளாட், மறுபுறம் சாதாரண டயர் என்று கலக்கக்கூடாது. விறைப்பு வேறுபட்டால் திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் கார் ஒரு பக்கம் இழுக்கும். நான்கும் ஒரே வகையாக இருப்பதே நல்லது. சுமை எண்ணும் வேகக் குறியும் காரின் கையேட்டில் உள்ளதைவிடக் குறையக்கூடாது. சாதாரண டயர் போட்டால் ஸ்டெப்னியோ, பஞ்சர் அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் சிறு பம்பும் கொண்ட பெட்டியோ காரில் இருக்க வேண்டும். எச்சரிக்கைக் கருவி இல்லாத காரில் ரன்-ஃப்ளாட் டயரைப் போடவே கூடாது. எந்த வகையானாலும், பக்கத்திலுள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள்.

இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி அந்த மாணவியிடம் கொடுத்து, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து விடை எழுதட்டும் என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தாள்.

அவள் தந்தையின் ஓட்டத்தில் பாதிக்கு மேல் இரவில், சென்னை நெடுஞ்சாலையில். வழியில் பெரம்பலூர், உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று 80 கி.மீ.க்கு உட்பட்ட தொலைவிலேயே ஊர்கள் வருகின்றன. நான்குவழிச் சாலையில் பள்ளம் குறைவு. காரில் ஸ்டெப்னிக்கு இடமில்லை. எச்சரிக்கைக் கருவி உண்டு. ஆகவே, ரன்-ஃப்ளாட் வாங்குவதென்று முடிவாயிற்று. அம்மாவின் கணக்குக்கும் மதிப்பளித்து, மிகவும் தேய்ந்த பின் அச்சின் இரண்டை முதலிலும், முன் அச்சின் இரண்டை மூன்று மாதம் கழித்தும் மாற்றினார்கள். இதே குடும்பம் உள்ளூரிலும் கிராமச் சாலைகளிலும் பகலில் மட்டும் ஓடும் சிறு கார் வைத்திருந்தால், சாதாரண டயரும் ஒரு ஸ்டெப்னியும் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

அதோடு அவளுக்கும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், கார் புறப்படுமுன், டயர்கள் குளிர்ந்திருக்கும்போது நான்கின் அழுத்தத்தையும் அளந்து நோட்டில் குறிக்க வேண்டும். ஏன் குளிர்ந்தபோது? காலையில் 27 பாகை சென்டிகிரேடில் 33 காட்டும் டயர், ஓடி 57 பாகைக்குச் சூடேறினால் என்ன காட்டும்? வளிமண்டலத்தின் 14.7ஐச் சேர்த்தால் உண்மை அழுத்தம் 47.7. கெல்வின் அளவில் 300, 330 ஆகிறது. 47.7 × 330 ÷ 300 = 52.5. வளிமண்டலத்தைக் கழித்தால் மானி ஏறத்தாழ 38 காட்டும். ஓடிவந்த சூட்டில் '33 சரியாக இருக்கிறது' என்று நினைப்பவர் குறைந்த காற்றுடன் ஓடிக்கொண்டிருக்கிறார்!

ஏழாவது வாரம் அந்த நோட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். மூன்று சக்கரங்கள் 33 அல்லது 32. இடது பின்சக்கரம் மட்டும் 33, 31, 29 என்று வாரந்தோறும் இரண்டிரண்டாக இறங்கியிருந்தது. பஞ்சர் கடையில் சோப்பு நீர் தடவிப் பார்த்தார்கள். வால்வு பின் கசிந்தது. பின்னை மாற்றச் சில நிமிடமே ஆயிற்று. பல கார்களில் நாலில் ஒரு பங்கு காற்றுக் குறைந்த பிறகே எச்சரிக்கை விளக்கு எரியும். அவள் காரில் விளக்கு இன்னும் எரியவில்லை.

உங்கள் வீட்டில் கார் இல்லாமலிருக்கலாம். சைக்கிள் இருக்கும், ஸ்கூட்டர் இருக்கும். காற்றைப் பற்றிய பௌதிகம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஒரு நோட்டை எடுத்து இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.

விடை காணுங்கள்

1. ஆட்களுடன் 1,200 கி.கி. நிறையுள்ள கார். டயரின் அழுத்தம் 2,00,000 பாஸ்கல். ஒவ்வொரு சக்கரமும் தரையைத் தொடும் பரப்பு எவ்வளவு?

2. டயரில் 195/65 ஆர் 15 என்று எழுதியிருக்கிறது. சக்கரத்தின் சுற்றளவைக் கண்டுபிடித்து, 80 கி.மீ.க்கு எத்தனை சுற்று என்று கணக்கிடுக. (1 அங்குலம் = 25.4 மி.மீ.)

3. மேட்டுப்பாளையத்தில் 37 பாகை வெப்பத்தில் மானி 33 காட்டும்படி காற்றடித்த கார் இரவில் ஊட்டியில் நிற்கிறது. அங்கே வெப்பநிலை 7 பாகை. வளிமண்டல அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11.2 பவுண்டு. மானி என்ன காட்டும்? குளிரில் அழுத்தம் மிகவும் குறைந்திருக்கும் என்று நினைத்தோமே, ஏன் அப்படி இல்லை?

விடைகள்: 1) 147 சதுர செ.மீ. 2) ஏறத்தாழ 1.99 மீட்டர், 40,000 சுற்று. 3) ஏறத்தாழ 32 பவுண்டு. காரணத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்.